நட்சத்திரம் இல்லாத துவக்கும் ஆறு படங்களும்

1. பின்னறை

நான் பன்னிரண்டு வருடம் வேலை செய்த கடையில் முன்பக்கம் சப்பாத்து, கம்பளி, மழைக்கோட்டு, கூடாரம். எல்லாம் பட்டாளம் கழித்துவிட்ட பழைய சாமான். ரொறன்ரோவில், மில்லிக்கன் பக்கம், ஸ்ரீல்ஸ் வீதியில், ஒரு பேக்கரிக்கும் ரயர் கடைக்கும் நடுவில் இருந்தது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. என் அகதிக் கோரிக்கை ஏற்கப்பட்டு, கொழும்பில் இருந்த மனைவி வதனியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தேன். உணவகத்தில் கோப்பை கழுவுவதை விட்டு, பகலில் செய்யும் நிரந்தர வேலையாகத் தேடிக்கொண்டிருந்தபோது, ஆங்கில வகுப்பில் கூடப் படித்த ஒருவர் இந்தக் கடையைச் சொன்னார்.

முதல் நாள் முதலாளி வோல்ட்டர் என்னைப் பின்னறைக்குக் கூட்டிப் போனார். அறுபது வயது, பெரிய உடம்பு, மெல்லிய குரல். கதவுக்கு மூன்று பூட்டு. உள்ளே லைற்றைப் போட்டதும் நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். சுவர் நீளத்துக்கு மரச்சட்டத்தில் துவக்குகள், பழைய பட்டாளத்து ரைபிள்கள், வரிசையாக நின்றன. நான் எண்ணவில்லை. ஆனால் என்ன துவக்கென்று ஒரே பார்வையில் தெரிந்தது. த்ரீ நோட் த்ரீ. எங்கள் ஊர்ப் பொலிஸ்காரன் தோளில் தொங்கவிட்டுத் திரிந்த அதே சாமான். ஒருமுறை சந்தியில் மறித்து, அதன் வாயை என் சைக்கிள் கைபிடியில் வைத்துக்கொண்டுதான் அடையாள அட்டையைக் கேட்டான். அட்டையை நீட்டியபோது என் பயந்த முகத்தை அவன் படத்தோடு ஒத்துப்பார்த்தது எனக்கு இன்னமும் நினைவிருக்கிறது.

வோல்ட்டர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

“என்ன சிவா, பயமா?”

“இல்லை” என்றேன். அந்தக் கடையில் நான் சொன்ன முதல் பொய் அது.

“இதுகள் சுட்டு முடிச்ச சாமான். இஞ்சை ஒரு தோட்டாவும் இல்லை. நாங்கள் விக்கிறது சரித்திரம்” என்றார். அவருக்கு அது சரித்திரம்தான். நான் அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பக்கத்துப் பேக்கரியில் வாங்கிய பாணைக்கூட முழுதாகச் சாப்பிடவில்லை.

வதனிக்கு எழுதிய கடிதத்தில், ‘பழைய சப்பாத்து, கோட்டு விற்கிற கடையில் வேலை கிடைத்திருக்கிறது’ என்று எழுதினேன். பின்னறையைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவள் அப்போது கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் ஐந்து வயது மகளோடு இருந்தாள். பொலிஸ் நினைத்த நேரம் வந்து லொட்ஜைச் சோதிக்கும், கடிதம் பார்க்கும், ஆட்களைப் பதியும். அந்த அறைக்குள் துவக்கு என்ற சொல்லே போகக்கூடாது என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரியா பிழையா என்று கேட்டால், இந்தக் குறிப்பு முழுவதும் அதைப் பற்றித்தான்.

2. வெள்ளைப் பெயின்ற்

என் வேலை துடைப்பது. பட்டாளத்தார் துவக்குகளைப் பல வருடம் பெட்டியில் வைப்பதற்கு முன் கிறீசுக்குள் குளிப்பாட்டி எடுப்பார்கள். அது காய்ந்து, மண்ணிறமாக, மெழுகுபோலப் பிடித்திருக்கும். கொதிநீர், பழைய துணி, பல் தேய்க்கும் பிரஷ், கொஞ்சம் மண்ணெண்ணெய். ஒன்றைத் துடைத்து முடிக்க அரை நாள் போகும்.

இரண்டாம் கிழமை ஒரு துவக்கின் கட்டையில் வெள்ளைப் பெயின்ற் இருந்தது. தேய்ந்த இரண்டு எண்களும் ஒரு எழுத்தும். அழுக்கென்று நினைத்து நன்றாக உரஞ்சி எடுத்துவிட்டு, பளபளவென்று கொண்டுபோய்க் காட்டினேன். வோல்ட்டர் பார்த்தார். முக்காலியில் இருந்தார். பெயின்ற் இருந்த இடத்தை விரலால் தடவினார். வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

“சிவா, அது அந்தத் துவக்கு எந்தப் படைப்பிரிவிலை எத்தினையாம் தட்டிலை நிண்டதெண்டு ஒருத்தன் எழுதிவைச்ச நம்பர். அதை அம்பது வருசம் ஒருத்தரும் அழிக்கேல்லை. நீ பத்து நிமிசத்திலை அழிச்சுப் போட்டாய்.”

அன்றைக்குத்தான் இந்தத் தொழிலின் ஒரே விதியைப் படித்தேன். அழுக்குப் போகலாம், அடையாளம் போகக்கூடாது. சேகரிப்பவர்களுக்குத் துவக்கு பெரிதல்ல. அதில் அடித்திருக்கும் சின்னச் சின்ன எழுத்துத்தான் பெரிது. ரிசீவரில், அதாவது நடு உடம்பில் ஒரு எண். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ற்றின் கைபிடியில் அதே எண். முன்கட்டையின் நுனியில், உள்ளே ஒளிந்து அதே எண். மூன்றும் ஒத்துப்போனால் ‘மாச்சிங்’ என்பார்கள், அதற்குத் தனி மதிப்பு. ஒன்று மாறினாலும் அது வேறு வேறு துவக்குகளை உடைத்துப் பொருத்தியது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நான் பழகிக்கொண்டேன். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆணித் தலையைக்கூட இரண்டுதரம் பார்ப்பேன். வோல்ட்டர் எனக்கு வைத்த பெயர் ‘கஸ்ரம்ஸ்’, சுங்கக்காரன். எனக்கு அதில் பெருமைதான். ஆனால் வீதியில் பொலிஸ் கார் போனால் கை தானாகத் துணியால் துவக்கை மூடும். அதை மட்டும் என்னால் மாற்றவே முடியவில்லை.

3. பொலிஸில் ஒரு பத்திரம்

துவக்கைக் கையாள அனுமதிப் பத்திரம் வேண்டும், அதற்குப் பொலிஸ் ஸ்ரேசனுக்குப் போய் விண்ணப்பிக்கவேண்டும் என்று வோல்ட்டர் சொன்னபோது நான் வேலையை விட்டுவிடலாமோ என்று யோசித்தேன். யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தான் ஒருவன் தன் காலால் நடந்துபோய், பொலிஸ்காரனிடம், ‘ஐயா, நான் துவக்குத் தொடவேணும், அனுமதி தாருங்கோ’ என்று கேட்கிறான். ஊரில் இதைச் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பாதுகாப்பு வகுப்புக்குப் போய்ப் பரீட்சை எழுதி, விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு, ஸ்ரேசனுக்கு வெளியே இரண்டு பஸ் போகும்வரை நின்றுவிட்டுத்தான் உள்ளே போனேன். மேசையில் ஒரு பெண் பொலிஸ்.

“ஏன் துவக்கு வேணும்?”

“துடைக்க” என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். நானும் சிரிக்கவேண்டும் என்று நினைத்தேன், வரவில்லை. சில கிழமைகளில் பத்திரம் வந்தது. என் படத்தோடு, என் பெயரோடு. அதைக் கட்டிலின் மெத்தைக்கு அடியில் வைத்தேன். சட்டப்படி எடுத்த பத்திரம்தான், ஆனாலும் ஒளித்தேன்.

4. நட்சத்திரம்

இனி அந்தத் துவக்கின் கதைக்கு வருகிறேன். ரொறன்ரோவின் மேற்கு ஓரத்தில், ஏரிக்கரையில், லோங் பிராஞ்ச் என்ற இடத்தில் யுத்தகாலத்தில் இந்தத் துவக்குகளைச் செய்தார்கள். இடதுபக்கம் மாதிரியின் பெயரும் இடத்தின் பெயரும் வருடமும் அடித்திருக்கும். மாதிரியின் பெயருக்குப் பிறகு ஒரு சின்ன நட்சத்திரம். போல்ற்றைக் கழற்றும் அமைப்பை இலகுவாக மாற்றிய பிறகு வந்த குறி அது. எங்கள் சட்டத்தில் நின்ற எல்லாவற்றிலும் நட்சத்திரம் இருந்தது. ஆனால் ஆரம்பத்தில், நாற்பத்தோராம் ஆண்டு, மாற்றத்துக்கு முன்னர் கொஞ்சம் செய்தார்கள். அதில் நட்சத்திரம் இல்லை. வோல்ட்டர் தன் சொந்தச் சேகரிப்புக்காகப் பல வருடமாகத் தேடியது அதைத்தான்.

ஒரு மாசி மாதம், புதிதாக வந்த பெட்டியில் ஒன்பதாவது துவக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கிறீசை வழித்தபோது வருடம் தெரிந்தது. நாற்பத்தொன்று. பக்கத்தில் நட்சத்திரத்தைத் தேடினேன். இல்லை. கிறீஸ் மூடியிருக்குமோ என்று பல் பிரஷால் மெதுவாகத் தேய்த்தேன். இல்லை. நட்சத்திரத்தை அராவிப்போட்டு ஏமாற்றுகிறவர்களும் உண்டு, அதனால் போல்ற் ஓடும் தண்டவாளத்தைப் பார்த்தேன். பின்னர் வந்தவற்றில் அங்கே ஒரு வெட்டு இருக்கும். இதில் வெட்டு இல்லை. எண்கள் மூன்றும் ஒன்றே.

“வோல்ட்டர்!” என்று கத்தினேன். அவருக்கு மாரடைப்பு வந்துவிடுமோ என்று பயந்தேன். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். கண் கலங்கிவிட்டது. ஒரு இரும்புத் துண்டைப் பார்த்துக் கண் கலங்கும் மனிதரை நான் அன்றுதான் கண்டேன். சிரிக்கவும் தோன்றியது, அவருக்காகச் சந்தோசமாகவும் இருந்தது.

வினிப்பெக்கில் இந்த வகையில் கரைகண்ட ஒரு கிழவர் இருந்தார். அவர் படம் பார்த்து உறுதிசெய்தால்தான் மற்றவர்கள் ஏற்பார்கள். வோல்ட்டரின் கமரா பழுது. என் கமரா பையில் இருந்தது. எம்பசியில் வதனியின் விசா இன்ரவியூ வருகிறது, கலியாணம் உண்மை என்று காட்டக் கடிதமும் படமும் கேட்பார்கள் என்பதால், என் அறை, பனி மூடிய வீதி, நண்பர் மகளின் பிறந்தநாள் என்று எடுத்துக்கொண்டிருந்தேன். இருபத்திநாலு படம் பிடிக்கும் ரோலில் பதினொன்று முடிந்திருந்தது.

“முழு நீளமும் தெரியவேணும். நீ பிடி” என்றார் வோல்ட்டர்.

“நானா? மேசையிலை வைச்சு எடுக்கலாமே?”

“மேசையிலை நிழல் விழும். பிடி. சிரி.”

பிடித்தேன். ஆறு படம். நான்கில் என் விரல்களும் எழுத்துகளும். இரண்டில் நான் முழுசாக, நெஞ்சுக்குக் குறுக்கே த்ரீ நோட் த்ரீயோடு.

5. இரண்டு கவர்கள்

மிச்சம் ஏழு படத்தையும் அறையிலும் வீதியிலும் எடுத்து முடித்து, பிளாசாவில் இருந்த படக்கடையில் கொடுத்தேன். ‘டபிள் பிரின்ற்’ என்று ஒவ்வொன்றிலும் இரண்டு கொப்பி போட்டுத் தருவார்கள். ஒரே மாதிரி இரண்டு மஞ்சள் கவர்கள், ஒவ்வொன்றிலும் இருபத்திநாலு.

புதன்கிழமை மாலை ஒரு கவரைப் பிரித்து, துவக்குப் படம் ஆறையும் எடுத்து வோல்ட்டருக்கென்று வேறாக வைத்தேன். பதினெட்டுப் படமுள்ள அந்தக் கவர் வதனிக்கு. மற்றது எனக்கு. அடுத்த நாள் பின்னேரம் நகரின் கிழக்கே ரூஜில் இருந்த, எங்களுக்குத் தெரிந்த பரமேஸ் அன்ரி கொழும்புக்குப் பறக்கிறா. ஆரும் போனால் கடிதம், படம், சீலை என்று எல்லோரும் அவர் தலையில் கட்டுவது எங்கள் வழக்கம். தபாலை நம்புவதில்லை.

வியாழக்கிழமை அன்ரியின் கார் கீழே நின்று ஹோர்ன் அடித்தது. பிளேனுக்கு நேரமாகிவிட்டது. மேசையில் இருந்த கவரை எடுத்துக் கடிதத்தோடு சுற்றிக்கொண்டு படியால் ஓடினேன்.

“ஒட்டிப்போட்டீரோ தம்பி?” என்றா கார் யன்னலுக்குள்ளால்.

“இல்லை அன்ரி, சும்மாதான் மடிச்சிருக்கு.”

“நல்லது” என்று வாங்கிக் கைப்பைக்குள் வைத்தா. அன்ரியின் புருசன் காரை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை தேத்தண்ணி குடித்துக்கொண்டு, எனக்கென்று வைத்த கவரை எடுத்துப் படம் பார்க்க உட்கார்ந்தேன். பனி. கார். பிறந்தநாள் கேக். பதினெட்டுத்தான் இருந்தது. துவக்கு இல்லை.

தேத்தண்ணி மேசையில் ஊற்றுண்டதுகூடத் தெரியவில்லை. துவக்குப் படத்தோடு இருந்த கவர் அத்திலாந்திக்கையே தாண்டிப் போய்விட்டிருந்தது. கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அன்ரியின் பையைக் கிளறுவார்கள். அங்கே தப்பினாலும் லொட்ஜ். லொட்ஜில் தப்பினாலும் செவ்வாய்க்கிழமை இன்ரவியூவில் வதனி அந்தக் கவரை அப்படியே எடுத்து எம்பசி அதிகாரியின் மேசையில் வைப்பாள். ‘இவர்தான் என்ரை அவர்’ என்று காட்டுவாள். நூற்றுக்கணக்கான துவக்குகளில் ஆணித் தலையை இரண்டுதரம் பார்த்தவன், தன் பெண்சாதிக்கு அனுப்பும் கவரை ஒருதரம் திறந்து பார்க்கவில்லை. என் கன்னத்தில் நானே அறைந்தேன். சும்மா சொல்லவில்லை, உண்மையாகவே அறைந்தேன்.

6. வெள்ளவத்தைக்கு ஒரு போன்

லொட்ஜுக்குக் கீழே, வெளிநாட்டுக்குப் போன் பேசும் ஒரு கொம்யூனிகேஷன் கடை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே காலை எட்டு மணிக்கு, அங்கே பொழுதுபடுகிற நேரம், வதனி அங்கே வந்து நிற்பாள். அன்று வெள்ளி. கடைக்காரரைக் கெஞ்சி அவளைக் கூப்பிடுவித்தேன். திரும்ப எடுக்க, லைன் கிடைக்கப் பதினைந்து நிமிடம் போனது.

“என்னப்பா, வெள்ளிக்கிழமையிலை? என்ன நடந்தது?” மூச்சு வாங்கப் பேசினாள்.

“ஒண்டுமில்லை. பரமேஸ் அன்ரி நாளைக்கு வருவா. அவ தாற கவரை வாங்காதையும்.”

“ஏன்? படம் வேணுமெண்டு சொன்னதே நீங்கள்தானே. செவ்வாய்க்கிழமை இன்ரவியூ.”

“வாங்கினாலும் திறக்காதையும். அப்பிடியே கிழிச்சு எறியும். வேறை படம் அனுப்பிறன்.”

“மூண்டு நாளிலை எப்பிடி அனுப்புவியள்? என்ன படம் அது?”

போனில் காது வைத்துக் கேட்பார்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையோ தெரியாது. எனக்கு அன்று லைனின் இரைச்சல்கூட ஆரோ மூச்சு விடுவதுபோல் கேட்டது. ‘துவக்கு’ என்று எப்படிச் சொல்ல?

“சொல்லேலாது வதனி.”

மிகவும் மெதுவாக, “ஆர் அவள்?” என்றாள்.

“எவள்?”

“படத்திலை உங்களோடை நிக்கிறவள்.”

“ஐயோ வதனி, அப்பிடி ஒருத்தியும் இல்லை!”

“அப்ப நான் பாக்கக்கூடாத படம் என்ன?”

என் மௌனத்தை அவள் பதிலாக எடுத்துக்கொண்டாள். “சரி, வைக்கிறன்” என்று வைத்துவிட்டாள். மூன்று வருடம் காத்திருக்கிறவளிடம் நான் செய்த காரியம் அது. அன்று கடையில் ஒரு போல்ற்றை வேறு துவக்கில் போட்டு இறுக்கிவிட்டேன். வோல்ட்டர் பார்த்தார். “கஸ்ரம்ஸ், வீட்டை போ” என்றார். போய் என்ன செய்வது என்று அங்கேயே நின்றேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கு முதல் மணியிலேயே எடுத்தாள்.

“கவர் வந்தது. திறந்து பாத்தன்” என்றாள்.

“என்னத்தைப் பாத்தனீர்?” என்றேன்.

“பனி இருக்கு. கார் இருக்கு. ஆற்றையோ பிள்ளையின்ரை கேக் இருக்கு. பதினெட்டுப் படம்.”

“பதினெட்டோ?”

“ஓம். ஆனால் படத்துக்குப் பின்னாலை நம்பர் அடிச்சிருக்கு, தெரியுமோ? ஒண்டிலையிருந்து பதினொண்டு மட்டும் இருக்கு. பிறகு பதினெட்டிலையிருந்து இருபத்திநாலு. பன்ரெண்டு, பதின்மூண்டு, பதினாலு, பதினைஞ்சு, பதினாறு, பதினேழு, இந்த ஆறும் எங்கை?”

படக்கடையின் மெசின் ஒவ்வொரு படத்தின் முதுகிலும் வரிசை எண்ணை மங்கலாக அடித்துவிடும். நான் ஒருநாளும் கவனித்ததில்லை. என் தொழிலை என்னைவிட நன்றாக அவள் அங்கே செய்துகொண்டிருந்தாள். எண் ஒத்துப்போகாத துவக்கை ஒதுக்குவதுபோல என்னை ஒதுக்கினாள்.

“எனக்குத் தெரியாது வதனி. சத்தியமா.”

“எனக்கும் தெரியாது” என்றாள். “செவ்வாய்க்கிழமை நான் போவன். பிள்ளைக்காகப் போவன்.”

7. மா வாளி

எனக்கு உடனே ஒரு நிம்மதி, அதற்குள்ளேயே இன்னொரு பயம். படம் வதனியிடம் இல்லை. அப்படியானால் கட்டுநாயக்காவில் எடுத்துவிட்டார்களா? என் முகம், என் கையில் துவக்கு, அதோடு சுற்றியிருந்த கடிதத்தில் அவளின் விலாசம். நேரே ரூஜுக்குப் பஸ் எடுத்தேன். இரண்டு பஸ் மாறி, பனியில் இருபது நிமிடம் நடந்தேன்.

அன்ரியின் புருசன், நாங்கள் அங்கிள் என்று கூப்பிடுகிறவர், வெளிக்கதவைப் பாதி திறந்தார். வழமையாக ‘வாரும், வாரும்’ என்று கையைப் பிடித்து இழுக்கிறவர், அன்று கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

“தம்பி, நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லேல்லை” என்றார்.

“எதை அங்கிள்?”

“நீர் என்ன வேலை செய்யிறீர், ஆருக்குச் செய்யிறீரெண்டு எங்களுக்குத் தேவையில்லை. நாங்கள் கேக்கவும் இல்லை.”

அப்போதுதான் விளங்கியது. “அன்ரி கவரைத் திறந்து பாத்தவவோ?”

“அவ ஆற்றை கவரையும் பிரிச்சுப் பாக்காமல் கொண்டுபோறேல்லை. ஊரிலை இருக்கேக்கை ஒருக்கா ஆரோ பிள்ளைச் சட்டை எண்டு குடுத்த பார்சலுக்குள்ளை ரோர்ச் பற்றறி நாலு, அப்ப கொண்டுபோகத் தடைசெய்த சாமான். தாண்டிக்குளம் செக்பொயின்ரிலை ஆமி பிடிச்சு ஒரு முழுநாள் வெய்யிலிலை இருத்திவைச்சவன். அண்டையிலையிருந்து அப்பிடித்தான். எயார்ப்போட் பார்க்கிங்கிலை காருக்குள்ளை வைச்சு எல்லாற்றை கவரையும் பாத்தவ. உம்மடையைப் பாத்திட்டு அவவுக்குப் பேச்சு வரேல்லை.”

அதுதான் ‘ஒட்டிப்போட்டீரோ’ என்று கேட்டதன் காரணம். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

“படம் எங்கை அங்கிள்?”

அவர் தெருவை இரண்டுபக்கமும் பார்த்தார். என்னை உள்ளே இழுத்துக் கதவைப் பூட்டினார். குசினிக்குள் போய், ரொட்டி மா வாளியைத் திறந்து, கையை முழங்கை வரைக்கும் விட்டு ஒரு பிளாஸ்ரிக் பையை எடுத்தார்.

“எரிக்கச் சொன்னவ. எரிச்சால் ஸ்மோக் அலாம் அடிக்கும், பயர் பிரிகேட் வரும். கிழிச்சு றீசைக்கிளிங் பெட்டியிலை போடுவமெண்டால் ஆரும் எடுத்து ஒட்டிப் பாத்தால்? மூண்டு நாளா நித்திரை இல்லைத் தம்பி.”

நான் வோல்ட்டரைப் பற்றி, நட்சத்திரத்தைப் பற்றி, வினிப்பெக் கிழவரைப் பற்றி எல்லாம் விளங்கப்படுத்தினேன். மெத்தைக்கு அடியில் இருக்கும் பொலிஸ் பத்திரத்தைக்கூடச் சொன்னேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

“பழைய துவக்கைக் காசு குடுத்து வாங்கி, சுடாமல் சுவரிலை வைச்சுப் பாக்கிறாங்கள்?”

“ஓம் அங்கிள்.”

“ஒரு சின்ன நட்சத்திரம் இல்லையெண்டு அழுதவர்?”

“ஓம்.”

“நான் நம்பிறன் தம்பி” என்றார், ஒரு துளியும் நம்பாத முகத்தோடு. வாசல்வரை வந்து வழியனுப்பியபோது என் சட்டையில் ஒட்டியிருந்த மாவை மட்டும் கவனமாகத் தட்டிவிட்டார்.

அன்ரி உண்மையைக் கொழும்பில் வதனிக்குச் சொல்லவில்லை. சொன்னால் அந்தப் பிள்ளை பயந்துவிடும், இன்ரவியூவில் உளறிவிடும் என்று பேசாமல் கவரைக் கொடுத்திருக்கிறா. நானும் போனில் சொல்லவில்லை. ஆளுக்காள் வதனியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தோம். அவள் மட்டும் அந்த லொட்ஜ் அறையில், கனடாவில் என்னோடு நிற்கும் ஒரு பெண்ணின் முகத்தைக் கற்பனை செய்துகொண்டு, தனியாக இருந்தாள்.

8. பன்னிரண்டாம் நம்பர்

இன்ரவியூ சரிவந்தது. செய்தியைச் சொன்னபோதும் வதனியின் குரலில் சந்தோசம் இல்லை. வினிப்பெக் கிழவர் ‘அசல்’ என்று எழுதி அனுப்பினார், வோல்ட்டர் அந்தத் துவக்கைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார். எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. புரட்டாதி மாதம் அவளும் மகளும் வந்து இறங்கினார்கள். மகள் என்னைக் கண்டு தாயின் சீலைக்குப் பின்னால் ஒளிந்தாள்.

வீட்டுக்கு வந்து, பிள்ளையைப் படுக்க வைத்துவிட்டு வதனி கேட்ட முதல் கேள்வி, சாப்பாட்டைப் பற்றியோ குளிரைப் பற்றியோ அல்ல.

“அந்த ஆறையும் தாங்கோ.”

மெத்தைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். மாவின் தூள் இன்னும் ஓரத்தில் இருந்தது. முதலில் முதுகைத் திருப்பி எண்ணைப் பார்த்தாள். பன்னிரண்டு முதல் பதினேழு வரை. ஒழுங்கு சரி. பிறகுதான் முன்பக்கம் திருப்பினாள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நான் கடை, பின்னறை, வோல்ட்டர் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், “இன்ரவியூவிலை அந்த அதிகாரி கேட்டவர், அங்கை அவருக்கு வேறை ஆரும் இருக்கினமோ எண்டு” என்றாள். “நான் இல்லையெண்டன். எம்பசிக்குப் பொய் சொல்லிப்போட்டனெண்டு ஆறு மாசமா நெஞ்சுக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சன்.”

“போனிலை நான் எப்பிடி வதனி துவக்கெண்டு சொல்லுறது? காயிதத்திலைதான் எப்பிடி எழுதுறது?”

பன்னிரண்டாம் நம்பரை என் பக்கம் திருப்பிப் பிடித்தாள். வோல்ட்டர் சிரிக்கச் சொல்லி எடுத்த படம். அதை நான் அதுவரைக்கும் துவக்குப் படமாகத்தான் பார்த்திருந்தேன். எழுத்துத் தெளிவா, கட்டை தெரிகிறதா என்று பார்த்தேனே தவிர, மேலே இருந்த முகத்தைப் பார்க்கவில்லை. சந்தியில் அட்டையை நீட்டிய அதே முகம்.

“துவக்கெண்டு எழுதியிருக்கத் தேவையில்லை” என்றாள். “வேலையிலை எனக்குப் பயமா இருக்கு எண்டு எழுதியிருக்கலாம். அதை எந்த ஆமி பிடிக்கப்போறான்?”

புதிதாக வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல இரண்டு விசயம் உண்டு. கவரைக் கொடுப்பதற்கு முன் ஒருதரம் திறந்து பாருங்கள். அது சின்ன விசயம், கவனமிருந்தால் வரும். மற்றது, வேலையில் பயமாக இருந்தால் வீட்டில் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல இவ்வளவு காலமும் ஆறு படமும் தேவைப்பட்டன. அன்று சமையலறை மேசையில் முதன்முறையாக, “ஓம், பயமாத்தான் இருக்கு” என்று அவளிடம் சொன்னேன். அடுத்த நாள் நான் வேலைக்குப் போகும்போது, மெத்தைக்கு அடியில் கிடந்த பொலிஸ் பத்திரத்தை எடுத்து, என் பேர்சுக்குள், மகளின் படத்துக்குப் பக்கத்தில் வதனியே வைத்துவிட்டாள்.